கட்டிங் மாஸ்டரின் மூன்று பற்கள்

ஒரு நோயாளியைப் பல் பிடுங்க அனுப்பி வைப்பதில் என்ன இருக்கிறது, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டால் போயிற்று என்று நீங்கள் நினைப்பீர்கள். டயாலிசிஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், அப்படி நினைப்பதில் தப்பில்லை. இருபத்தாறு வருடம் இதே வேலையைச் செய்த நானே அப்படித்தான் நினைத்தேன். இயந்திரம் ஓட்டுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிட வேகமாக ஓட்டுகிறீர்கள், ஓட்டிக்கொண்டே செல்போனும் பார்க்கிறீர்கள். ஆனால் ஒரு தப்பைச் செய்துகொண்டிருக்கும்போது அது எவ்வளவு ஒழுங்கான வேலையாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கு இன்னும் தெரியாது. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அவர் பெயர் செல்லமுத்து. பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், மாஸ்டர் என்றுதான். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் என்றால் லேசுப்பட்ட ஆளில்லை. துணியை அடுக்கடுக்காகப் போட்டு வெட்டுகிறவர். அவர் கை ஒரு நூல் தள்ளிப் போனால் ஓர் அடுக்கு முழுக்க வீண். அந்த மிடுக்கைக் கம்பெனி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. டயாலிசிஸ் கட்டிலில் படுத்துக்கொண்டே எங்களை மேய்ப்பார்.

"ஏனுங்க சிஸ்டர், பிளாஸ்திரிய இப்படியா பிச்சு ஒட்டுவீங்க? நேரா வெட்டக் கத்துக்கோணுமுங்க. இதெல்லாம் எங்க கம்பெனியில ரிஜக்ட் ஆயிருமுங்க."

வாரத்துக்கு மூன்று நாள் கையில் இரண்டு தடிமனான ஊசி ஏறும். முகம் சுளிக்க மாட்டார். "அரை இஞ்ச் மேல போடுங்க, அங்க சீரா வரும்" என்று அளவு வேறு சொல்வார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம் இருந்தது. பல் டாக்டர்.

அவர் மனைவி ருக்குமணி அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். தைத்து வருகிற பனியனில் ஓட்டை, கறை, நூல் பிசிறு பார்த்து ஒதுக்குகிற வேலை. அதிகம் பேச மாட்டார். கணவருக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று சொன்னதுகூட, வேலைக்குப் போகும் வழியில் கொஞ்சம் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற மாதிரிதான் சொன்னார். பரிசோதனை எல்லாம் பொருந்திவிட்டது. அனுமதியும் கிடைத்துவிட்டது. கோயமுத்தூரில் ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாயிற்று.

பாக்கி இருந்தது பல். மாஸ்டருக்குக் கடைவாயில் மூன்று பல் சொத்தையாகிச் சீழ் வைத்திருந்தது. மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு, உடம்பு அதை வெளியே தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியையே அமுக்கிவைக்கிற மருந்து கொடுப்பார்கள். அப்போது பல்லில் இருக்கும் சீழ் இரத்தத்தில் இறங்கினால் ஆள் பிழைப்பதே கஷ்டம். அதனால் கோயமுத்தூரில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மூன்று பல்லையும் எடுத்து, புண் ஆறி, பல் டாக்டர் கடிதம் கொடுத்தால்தான் ஆபரேஷன். இல்லாவிட்டால் தேதி அடுத்தவருக்குப் போய்விடும்.

அந்தத் தேதி போனால் மறுபடி எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவரால் காத்திருக்கவும் முடியாது. ஊசி போடுவதற்காகக் கையில் அறுவை செய்து உருவாக்கிய இரத்தக்குழாய் அவருக்கு ஏற்கெனவே இரண்டு முறை அடைத்துவிட்டது. மூன்றாவது இடது கையில் இருந்தது, அதிலும் ஓட்டம் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும். ருக்குமணிக்கும் தெரியும். மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

ஏற்பாடு மிகச் சுலபம். மாஸ்டரின் முறை செவ்வாய், வியாழன், சனி, விடியற்காலை சிப்ட், நாலாம் நம்பர் கட்டில். செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ். குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் என்று ஒரு மருந்து கொடுக்கிறோமே, அன்று மட்டும் அது வேண்டாம். மறுநாள் புதன்கிழமை பதினொரு மணிக்குப் பல். கோயமுத்தூரிலிருந்து ஒரு பெண் டாக்டர் புதன்கிழமைகளில் மட்டும் திருப்பூர் வருவார், பல் அறுவை சிகிச்சை படித்தவர். அந்தப் புதனை விட்டால் புண் ஆற நாள் போதாது.

நான் ஒரு மஞ்சள் சீட்டில் பெரிய எழுத்தில் "ஹெப்பரின் வேண்டாம்" என்று எழுதி நாலாம் நம்பர் இயந்திரத்தில் ஒட்டினேன். மேலே ஒரு ஒட்டு, கீழே ஒரு ஒட்டு. பார்க்க அவ்வளவு திருப்தியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு சுற்று வந்தேன். உங்களுக்குத் தெரியும், ஏ.சி. குளிருக்கு எல்லோரும் தலையோடு கால் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். நாலாம் நம்பரில் போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சீட்டு இருந்தது. மருந்து போடவில்லை. நோட்டில் டிக் போட்டேன். ஒரு டிக் போதாதென்று இரண்டாவது டிக்கும் போட்டேன். நான் டிக் போட்டது ஒரு போர்வைக்கு.

உள்ளே படுத்திருந்தது அந்தோணி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அயர்ன் மாஸ்டர். திங்கள், புதன், வெள்ளியில் அதே நாலாம் நம்பர் கட்டில் அவருடையது. ஊசி போட்டவர்கள் சீட்டில் இருந்தபடி செய்துவிட்டார்கள், சீட்டில் பேர் இல்லை.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் மாஸ்டரின் கம்பெனிக்குச் சரக்குப் பார்க்க, அதை வாங்குகிற பையர் தரப்பிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. கட்டிங் மாஸ்டர் இல்லாமல் இன்ஸ்பெக்‌ஷனா? பனியன் கம்பெனியில் ஒருவர் வர முடியாவிட்டால் தன் இடத்துக்கு இன்னொருவரை மாற்றிவிட்டுப் போவது நடைமுறை. டேபிள் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. மாஸ்டர் அந்தோணிக்குப் போன் போட்டு, செவ்வாயை அவருக்குக் கொடுத்துவிட்டுப் புதன் விடியற்காலையைத் தான் எடுத்துக்கொண்டார். முறைப்படி தகவலும் சொன்னார். யாரிடம்? கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம். கம்பெனியில் வருகிற ஆள், போகிற ஆள் கணக்கெல்லாம் கேட்டில்தானே. வாட்ச்மேனும் பொறுப்பாகத் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் அந்த விவரம் இல்லாத ஒரே நோட்டு என்னுடையதுதான்.

மாஸ்டரைத் திட்டுவதற்கு முன் இதையும் கேளுங்கள். இந்த மாற்றிக்கொள்ளும் பழக்கத்தை எங்கள் பிரிவில் வளர்த்ததே நான். "நீங்களே பேசி மாத்திக்குங்க, எனக்குக் கட்டில் மட்டும் காலியா இருக்கக் கூடாது" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கம்பெனிக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அன்று எனக்குப் பதில் தெரியாது.

புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. ஆனாலும் மாஸ்டருக்குத் துணையாகப் பல் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போய்விட்டேன். பத்தே முக்காலுக்குக் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் வெளுத்துப்போயிருந்தார். பயம் என்று நினைத்தேன்.

"தகிரியமா இருங்க மாஸ்டர். ஊசி போட்டா ஒண்ணுமே தெரியாதுங்க" என்றேன்.

"ஊசியில்லீங்க சிஸ்டர். அந்தக் குறடு இருக்குதில்லீங்க, அது என்ன சைசுங்க?" என்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள். நாற்காலியில் சாய்த்து வைத்து, விளக்கைப் போட்டு, மரத்துப்போகிற மருந்தை டாக்டர் ஊசியில் நிரப்பிவிட்டார். நான் நோட்டை நீட்டி, "செவ்வாய் டயாலிசிஸ், ஹெப்பரின் இல்லாம" என்று ஒப்பித்தேன். டாக்டர் தலையாட்டிக்கொண்டே மாஸ்டரின் இடது கையைப் பார்த்தார். சட்டைக் கையின் ஓரம் கொஞ்சம் மேலேறி இருந்தது. உள்ளே பஞ்சும் பிளாஸ்திரியும்.

"இது எப்ப ஒட்டினதுங்க?"

மாஸ்டர் வாயில் பல் பார்க்கிற கண்ணாடி இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. நான் சொன்னேன். "நேத்தையதுங்க டாக்டர். எடுக்க மறந்திருப்பாரு." எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் தெரியுமா? இரண்டு டிக் போட்டவள் இல்லையா.

டாக்டர் பஞ்சின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்தினார். சிவப்பாக ஊறியது. "நேத்தையது இன்னும் ஈரமா இருக்குமாங்க சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு, மாஸ்டரின் வாயிலிருந்து கண்ணாடியை எடுத்தார்.

"இன்னைக்குக் காலையிலதானுங்க வந்தனுங்க. ஒம்பதரைக்குத்தான் எறக்கி உட்டாங்க. நாலு நாள் தண்ணி ஒடம்புல சேந்துருச்சில்லீங்களா, மூச்சு வாங்கிப்போச்சு" என்றார் மாஸ்டர் சாவகாசமாக.

சனிக்கிழமைக்குப் பிறகு நாலு நாள் டயாலிசிஸ் இல்லாமல் இந்த மனிதர் இருந்திருக்கிறார். நான் ஒட்டிய சீட்டு செவ்வாயோடு குப்பைக்குப் போய்விட்டது. ஆகவே இன்றைக்கு வழக்கம்போல மருந்து போட்டிருப்பார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் உடம்பு முழுக்க ஹெப்பரின் ஏற்றிக்கொண்ட ஆளுக்கு, என் நோட்டை நம்பி, மூன்று பல்லைப் பிடுங்கப் போகிறார்கள். சீழ் வைத்த மூன்று குழி. இரத்தம் எங்கே நிற்கும்?

பிரிவுக்குப் போன் போட்டேன். மருந்து போட்டிருந்தார்கள். அந்தோணிக்குப் போட்டேன்.

"ஆமாக்கா, நேத்து நாந்தான் வந்தேன். அண்ணாச்சி மாத்திக்கிடுவோமான்னு கேட்டாவ, சரின்னுட்டேன். என்ன கவனிப்புங்கிய! அரை மணிக்கொரு தடவ ஒங்க ஆளுக வந்து வந்து பாத்தாவ. ஆனா மூணு மணி நேரத்துல ரத்தம் ஒறைஞ்சு பில்டரு அடைச்சிட்டு. நீங்களே வந்து டிக் போட்டுட்டுப் போனீங்கள்லா, அதான் ஒண்ணுங் கேக்கல."

இப்போது நான் சொல்லப் போவதுதான் எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருப்பது. பயந்துபோய்ப் பின்வாங்கியிருந்தால் பரவாயில்லை. நான் டாக்டரிடம், "ஒரு பல்லையாவது எடுத்துடலாமுங்களா? அழுத்திப் புடிச்சா நின்னுரும்" என்று கேட்டேன். தேதி போய்விடுமே என்கிற பதைப்பு பாதி. என் தப்பு சின்னதாகிவிடுமே என்கிற ஆசை மீதி. எது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மாஸ்டரும் உற்சாகமாகிவிட்டார். "ஆமாங்க டாக்டர், ஒண்ணு ஒண்ணா டெலிவரி எடுத்துக்கலாமுங்க."

டாக்டர் கோபப்படவில்லை. ஊசியைத் தட்டில் வைத்து மூடினார். "உங்க நோட்டு ஒண்ணு சொல்லுது, இவர் கை ஒண்ணு சொல்லுதுங்க சிஸ்டர். பல்லு நோட்டுல இல்லீங்களே" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு எனக்குக் கோயமுத்தூர்ல பத்து மணிக்கு வேலை. ஆறரைக்கு இங்க வந்துர்றேன். ராத்திரிக்குள்ள மருந்து இறங்கிரும், இன்னைக்கு டயாலிசிஸும் முடிஞ்சிருக்குது. காலையில ஒரு ரத்தப் பரிசோதனை பாத்துட்டு மூணையும் எடுத்துடலாம். புண் ஆற ஒரு நாள்தான் கொறையும்."

அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் நான் அன்றைக்கே மறந்திருப்பேன்.

எனக்கு உயிர் வந்தது. மாஸ்டருக்குப் போனது.

"நாளைக்குங்களா? நாளைக்கு முடியாதுங்களே. செவ்வாக்கெழம அந்த ஆளு வரலீங்க, பிளைட்டு கெடைக்கலையாம். நாளைக்குத்தானுங்க இன்ஸ்பெக்‌ஷன். நானில்லாம அங்க ஒண்ணுமே நவுராதுங்க."

எதற்காக இத்தனை கூத்து நடந்ததோ, அந்த இன்ஸ்பெக்‌ஷன் செவ்வாய்க்கிழமை நடக்கவே இல்லை. அதை அவர் இப்போதுதான் சொல்கிறார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அதட்டலாம் என்று வாயைத் திறந்தால், அதட்டுகிற யோக்கியதை எனக்கு எங்கே இருக்கிறது? அதனால் நேராக ருக்குமணியிடம் திரும்பி, "அம்மணி, தப்பு என்னுதுங்க. நேத்துக் கட்டில்ல ஆருன்னு நான் பாக்கலீங்க" என்று சொல்லிவிட்டேன். அதை அப்போதே சொன்னதுதான் அந்த இரண்டு நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

ருக்குமணி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கணவரைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"நாளைக்குக் கம்பெனிக்கே போங்க. வேலைதானுங்க முக்கியம். ஆனா ஆப்பரேசன் அன்னைக்கு எனக்கும் அவசரமா செக்கிங் வந்துருச்சுன்னா, எங்க டேபிள்ல ஆரையாவது மாத்தி அனுப்பிப்போடறேன். அவங்களும் நல்லவங்கதானுங்க. கிட்னி ஆருதா இருந்தா உங்களுக்கு என்னங்க?"

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையுறையைக் கழற்றினார், சிரிப்பில் தோள் குலுங்கியது. மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தபடியே மேலே இருந்த விளக்கைப் பார்த்தார். அந்த மனிதருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"ஆறரைக்கே வந்துரலாமுங்களா, இல்ல ஆறுக்கே வரோணுமுங்களா?" என்று டாக்டரிடம் கேட்டார்.

மறுநாள் ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. மூன்று பல்லும் இருபது நிமிடத்தில் வந்துவிட்டன. எடுத்த பல்லை டாக்டர் காட்டியபோது, வாயில் துணியைக் கடித்தபடியே, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அதன் நீளத்தை அளந்தார். பயம் போன இடம் தெரியவில்லை.

வெளியே வந்தால் அடுத்த ஆபத்து. பல் எடுத்தவர்களுக்கு அங்கே ஓர் அச்சடித்த தாள் கொடுப்பார்கள். ஐஸ்கிரீம் சாப்பிடவும், பழச்சாறு, இளநீர் நிறையக் குடிக்கவும் என்று இருக்கும். ஊருக்கெல்லாம் நல்ல தாள், நம் ஆட்களுக்கு விஷம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரே கூடாதவர், இளநீரில் இருக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும். நான் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டிருக்கும்போதே, காங்கேயத்திலிருந்து அவர் மச்சினன் வண்டியில் ஒரு குலை இளநீரோடு வந்து இறங்குகிறார். "மாமனுக்கு வாய்ப் புண்ணுன்னாங்க, குளுமையா இருக்குமுங்க." அந்தக் குலையை நானும் ருக்குமணியும் மச்சினனும், பல் ஆஸ்பத்திரி ஆயாவும், டாக்டரும் குடித்துத் தீர்த்தோம். மாஸ்டர் துணியைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

அன்று அவருடைய வியாழக்கிழமை முறையை அந்தோணிக்குக் கொடுத்து, வெள்ளியை மாஸ்டருக்கு வாங்கியது நான்தான். மாற்றிக்கொள்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். "அக்கா, இந்தத் தடவ எனக்கு மருந்து உண்டுல்லா?" என்று அந்தோணி மூன்று முறை கேட்டார். வெள்ளிக்கிழமை மாஸ்டருக்கு ஹெப்பரின் இல்லாமல் நானே பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினேன். வாய் வீங்கிப் பேச முடியாமல் படுத்திருந்தார். நான் பிளாஸ்திரி வெட்டும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து எங்கள் பிரிவில் சீட்டு இயந்திரத்தில் ஒட்டுவதில்லை. நோயாளியின் கையில் பட்டையாகக் கட்டுகிறோம். உங்களுக்கு அது பிறந்ததிலிருந்தே இருக்கிற விதி மாதிரித் தெரியும். அது என்னால் வந்தது. பட்டை கட்டியிருந்தாலும் முகத்தைப் பாருங்கள், பேரைக் கேளுங்கள், தூங்கினால் எழுப்புங்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

புண் ஆறியது. டாக்டர் கடிதம் கொடுத்தார். குறித்த தேதியில் இருவரும் கோயமுத்தூர் போனார்கள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை பத்து மணி இருக்கும், எட்டுக் கட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. என் போன் அடித்தது. ருக்குமணி. அவர் ஒரு வார்டில், மாஸ்டர் வேறொரு வார்டில். குரல் மெல்லியதாக இருந்தது, தையல் வலி.

"சிஸ்டர், அவருக்கு ஒண்ணுக்கு வந்துருச்சுங்க."

மாஸ்டருக்கு இரண்டு வருடமாக அது நின்று போயிருந்தது. நான் சத்தமாகவே திருப்பிச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. எட்டுக் கட்டிலிலும் போர்வை விலகியது. நாலாம் நம்பரிலிருந்து அந்தோணி எழுந்து உட்காரப் பார்த்தார். "எவ்வளவுக்கா? எவ்வளவு வந்துச்சாம்?"

"எவ்வளவுங்க அம்மணி?" என்றேன்.

"பொழுது விடியறதுக்குள்ள மூணு லிட்டராமுங்க. நர்ஸு பொண்ணு வந்து சொல்லீட்டுப் போச்சு."

மூணு லிட்டர் என்று நான் சொன்னதும் வார்டே அதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தது. ஒரு நாளைக்கு இத்தனை மடக்கு என்று எண்ணிக் குடிக்கிறவர்கள் எல்லோரும். இரண்டாம் நம்பர் கட்டில் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, மறைக்கவும் முடியவில்லை.

"அழுவறீங்களா சிஸ்டர்?"

"இல்லீங்க, சொல்லுங்க."

"எனக்கு ஒரு யோசனையாவே இருந்துச்சுங்க," என்றார் ருக்குமணி. "என்னுது அங்க போயி ஒழுங்கா வேலை செய்யுமோ என்னமோன்னு. செய்யுதுங்க."